‘உங்கட ஆக்கள்’

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றி வந்த கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எழுதியவர் எங்களைப் போலத் தமிழர் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் மறைத்த முஸ்லிம் சமூகம் முழுவதும் பதில் சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு சில கிழமைகள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கல்லடியில் இருக்கிறேன். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அன்று காலை ஒன்பது மணி தாண்டியிருக்கும். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வாவிக்கு அப்பால் ஒரு சத்தம். யுத்தத்துக்குள் வாழ்ந்த எங்களுக்குச் சத்தத்தைக் கேட்டே தூரம் சொல்ல வரும். பத்து வருடமாகக் கேட்காத சத்தம் அது. எங்கோ காஸ் வெடித்துவிட்டது என்றுதான் முதலில் ஒழுங்கைக்குள் சொன்னார்கள். பிறகுதான் சீயோன் தேவாலயம் என்று தெரிந்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியில் நின்ற நேரம். ஏறத்தாழ முப்பது பேர் போனார்கள், அதில் பாதிக்குக் கிட்டச் சின்னப் பிள்ளைகள். என்னிடம் படித்த இரண்டு பேரின் வீடுகளுக்குச் செத்தவீட்டுக்குப் போனேன். அந்தப் பெட்டிகளின் நீளத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது. அதே காலையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டித் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் நடந்ததைச் சேர்த்தால் நாடு முழுவதும் 260க்கும் மேற்பட்ட உயிர்கள்.

இதைச் செய்தவர்கள் மேல் எனக்கு இரக்கம் கிடையாது. நான் இனிச் சொல்வதை வாசிக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

எனக்குச் சாரிச் சட்டை தைத்துத் தருகிறவள், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பிள்ளை. இருபது வருடப் பழக்கம். துணியை எடுத்துப்போக, தைத்ததைக் கொடுக்க என்று பஸ்ஸில் வந்து போவாள். குண்டு வெடித்து மூன்று நான்கு கிழமை அவளைக் காணவில்லை. நானும் தேடவில்லை, உண்மையைச் சொல்கிறேன். மே மாதம் ஒரு நாள் படலையில் யாரோ நிற்பது தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அவள்தான். எப்போதும் கறுப்பு அபாயாவோடு வருகிறவள், அன்று சாரி உடுத்து முந்தானையால் தலையை மூடியிருந்தாள். பழைய காலத்து அவளின் உம்மாவைப் போல. வழமையாக "டீச்சர்" என்று கூப்பிட்டபடி நேரே விறாந்தைக்கு வருகிறவள், படலைக்கு வெளியிலேயே நின்றாள். நான் கிட்டப் போனதும் ஒன்றும் பேசாமல் தோள்பையின் சிப்பை இழுத்து, வாயை அகலத் திறந்து என் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

நான் உள்ளே பார்த்தேன். "இதென்ன பிள்ளை, மூடு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பார்த்தேன். பத்திரிகைத் தாளில் சுற்றிய இரண்டு சட்டை, அளவு நாடா, சோக்குக் கட்டி, தண்ணீர்ப் போத்தல். கத்தரிக்கோலைக் காணவில்லை. கேட்டேன்.

"ஊட்ட வெச்சிட்டு வந்தன் டீச்சர். வழியில ரெண்டு இடத்துல எறக்கிப் பார்க்கிறாங்க. கத்தரிக்கோலக் கண்டா என்ன நினைப்பாங்களோ."

அவளின் பயம் வீண் பயம் இல்லை. அந்த மாதம்தான் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் உடுத்தியிருந்த உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைப் பௌத்தரின் தர்மச்சக்கரம் என்று சொல்லிப் பொலிஸ் பிடித்து இரண்டு கிழமைக்கு மேல் உள்ளே வைத்தது. துணி தைக்கிறவளுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்!

விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். கொடுத்துவிட்டு, வாய்க்குள் நின்றதைக் கேட்டும் விட்டேன். "உங்கட ஆக்களுக்கு இந்த ஸஹ்ரானப் பற்றி ஒண்டும் தெரியாமலா இருந்தது?"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்கட ஆக்கள்தான் டீச்சர் முதல்ல சொன்ன. ஆரு கேட்ட?"

உங்கள் வாசகர் கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில். ஊர் வாய்க்கு வந்த கதை இல்லை இது. விசாரணைகளிலும் செய்திகளிலும் வந்தவை. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிமின் முதல் எதிரிகள் கிறிஸ்தவர்களும் இல்லை, சிங்களவர்களும் இல்லை. அவரின் சொந்த ஊரான காத்தான்குடியில் தர்கா, கந்தூரி என்று வாழ்ந்த சூஃபி வழி முஸ்லிம்கள்தான். 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் அவரின் ஆட்கள் வாளோடு அவர்கள் மேல் பாய்ந்தார்கள். அடிபட்டவர்கள் பொலிஸுக்குப் போனார்கள், மேலிடங்களுக்கு எழுதினார்கள், அவரைப் பிடியுங்கள் என்று தெருவில் இறங்கினார்கள். பிடியாணை வந்தது. ஆளைப் பிடிக்கவில்லை. அவர் தலைமறைவாக இருந்துகொண்டே காணொலிகளில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்தத் துப்பைப் பிடித்துப் போய் 2019 ஜனவரியில் புத்தளம் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் பெருந்தொகை வெடிமருந்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த விசாரணையில் பொலிஸுக்கு உதவிய மாவனல்லை முஸ்லிம் ஒருவரை, ஸஹ்ரானின் கூட்டம் மார்ச் மாதம் வீடு புகுந்து, படுக்கையிலேயே சுட்டது. தாக்குதலுக்கு ஆறு கிழமைக்கு முன் நடந்தது இது. உயிர் தப்பினார், ஆனால் உடம்பு முடங்கிப்போனது. ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறவர்கள் இந்த மனிதரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். வாய் திறந்ததற்குக் கொடுத்த விலை அது.

தாக்குதலுக்குப் பிறகு ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில் அந்தக் கூட்டத்தின் மிச்சப் பேர் ஒளிந்திருந்த வீடு வெளிப்பட்டதும் அந்த ஊர் முஸ்லிம்கள் சந்தேகப்பட்டுச் சொல்லித்தான். ஸஹ்ரானின் தகப்பனும் சகோதரர்களும் அங்கேதான் செத்தார்கள். தங்கள் குழந்தைகளையும் கூடவே கொண்டுபோனார்கள். இந்தத் தாக்குதல்காரர்களை முஸ்லிம் மையவாடிகளில் அடக்க விடமாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஒரு முஸ்லிமுக்கு மையவாடியை மறுப்பது என்றால் என்ன என்பது அவர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். அந்த வருடம் ஓகஸ்ட்டில் சீயோன் குண்டுதாரியின் உடல் மிச்சத்தை எங்கள் கல்லடி உப்போடை மயானத்தில் அதிகாரிகள் கொண்டுவந்து புதைத்ததும், ஊர்ச்சனம் வீதிக்கு வந்து கண்ணீர்ப்புகை வாங்கியதும் எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. எங்களுக்கு வேண்டாத அந்த உடல் அவர்களுக்கும் வேண்டாததாகத்தான் இருந்தது.

‘உங்கட ஆக்கள்’ என்று கேட்டேன் என்று சொன்னேன் அல்லவா. அவள் போன பிறகு அந்தச் சொல் என்னைத் தூங்க விடவில்லை. அது எனக்குப் பழக்கமான சொல். ஆனால் அதுவரை அது என்னை நோக்கி வந்த சொல்.

1996 ஜனவரி 31. அப்போது நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தோம். மத்திய வங்கியில் லொறிக் குண்டு வெடித்தது. செத்தவர்கள் தொண்ணூறு பேருக்கு மேல், காயப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். சீட்டு எழுத வந்தவரும், லிஃப்ட் ஓட்டியவரும், தெருவில் போனவரும். புலிகள் செய்தார்கள். எனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஆனால் அடுத்த நாள் வேலைக்குப் போனால், கூட வேலை செய்த சிங்களப் பெண், நல்லவள், எனக்குக் காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவருகிறவள், கண்ணைப் பார்க்காமல் கேட்டாள்: "உங்கட ஆக்கள் ஏன் இப்படிச் செய்கினம்?" சிங்களத்தில் கேட்டாள். நான் தமிழில் எழுதுகிறேன், ஆனால் சொல் இதேதான்.

என்ன பதில் சொல்வது? கண்டிக்கிறேன் என்றால், நேற்றுவரை ஏன் கண்டிக்கவில்லை என்று வரும். எனக்குத் தெரியாது என்றால் பொய் சொல்கிறாள் என்பார்கள். சும்மா இருந்தால் ஒத்துக்கொள்கிறாள் என்பார்கள். இந்த மூன்றைத் தவிர நாலாவது வழி அந்தக் கேள்விக்குள் இல்லை. அன்றையிலிருந்து சோதனைச் சாவடியைக் கண்டால் கேட்க முதலே பையைத் திறந்து காட்டப் பழகினேன். பொலிஸ் பதிவுத் துண்டை அடையாள அட்டையோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பேன். பஸ்ஸில் பொட்டை அழித்துவிட்டு ஏறிய நாட்களும் உண்டு. இருபத்து மூன்று வருடம் கழித்து என் படலையில் வந்து பையைத் திறந்து காட்டியவளின் கை, என் கைதான்.

2007 ஜூன் 7 விடியற்காலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பியது. வெளிநாட்டுக்குப் போகக் கடவுச்சீட்டுக்கு நின்றவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். என் தமையனின் மகனும் அதில் ஒருவன். காரணம் கேட்டதற்கு, தமிழர், லொட்ஜில் தங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். உயர் நீதிமன்றம் அடுத்த நாளே தடுத்து நிறுத்தியது, பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க மன்னிப்பும் கேட்டார். அன்று நாங்கள் எல்லோரும் என்ன சொன்னோம்? புலி வேறு, தமிழர் வேறு என்று தொண்டை கிழியச் சொன்னோம். அந்த வாதம் எங்களுக்கு மட்டும் பொருந்தும், பக்கத்து ஊருக்குப் பொருந்தாது என்று எப்படிச் சொல்வது?

2019 மே 13ஆம் திகதி குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளியை வெட்டிக் கொன்றார்கள். குருநாகல் வைத்தியசாலையில் வேலை செய்த முஸ்லிம் மருத்துவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்குக் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. அவரைப் பிடித்து அடைத்தார்கள். விசாரித்தவர்கள் ஆதாரம் இல்லை என்றார்கள். அடுத்த வருடம் மன்னாரைச் சேர்ந்த ஒரு இளம் ஆசிரியரை, அவர் தமிழில் எழுதிய கவிதைகளில் தீவிரவாதம் இருக்கிறது என்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். பிறகு நீதிமன்றம் விடுவித்தது. அவர் எழுதியவை வன்முறைக்கு எதிரான கவிதைகள். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்க் கவிதை படிப்பித்த எனக்கு இது தாங்க முடியாத விஷயம். பிடித்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த நாங்களும் பெரிதாக வாய் திறக்கவில்லை.

இன்னொன்று. ஸஹ்ரான் பேசியது அரபியில் இல்லை, தமிழில். என் பழைய மாணவன் ஒருவன் போனில் அனுப்பியதைக் கேட்டேன். நல்ல குரல், தடங்கல் இல்லாத பேச்சு. அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டு போகிற அந்த முறை மேடைப் பேச்சுப் போட்டிக்கு நாங்கள் பிள்ளைகளைப் பழக்குகிற முறைதான். அந்த மொழியில் அந்த வெறுப்பைக் கேட்கும்போது வயிறு பிசைந்தது. அந்தப் பேச்சில் மயங்கியவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். காசு கொடுத்தவர்கள் இருந்தார்கள். எங்களுக்கேன் வம்பு என்று ஒதுங்கியவர்களும் இருந்தார்கள். இதை மூடி மறைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. என் தையல்காரியே சொன்னாள், அவளின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன் அந்தப் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டு தர்காவுக்குப் போகிற தன் வாப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டானாம். ஒரு வீட்டுக்குள் தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் முதலில் விழுந்த வெடிப்பு அது. பணம் எங்கிருந்து வந்தது, யார் இடம் கொடுத்தார்கள், எந்த அரசியல்வாதி தேர்தல் நேரத்தில் அவரோடு கூடிப் பேசினார் என்று பெயர் பெயராகக் கேட்க வேண்டும். நானும் கேட்கிறேன்.

ஆனால் காத்தான்குடிப் பிரதான வீதி நடுவில் நட்ட பேரீச்ச மரத்தையும் தற்கொலைக் குண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தென்னை நிற்கிற மண்ணில் பேரீச்சை எதற்கு என்று எனக்கும் தோன்றியதுண்டு. அது ரசனை பற்றிய சண்டை. குண்டு வைத்தது கொலை.

உங்கள் வாசகர் பொறுப்பு என்ற சொல்லைப் பாவித்திருந்தார். பொறுப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது, தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்று. பதினேழு நாள் அவகாசம் இருந்தது. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய், பொலிஸ்மா அதிபராக இருந்த பூஜித ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் ஏழரைக் கோடி வீதம், பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி. தங்கள் சொந்தப் பணத்திலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்குக் கட்ட வேண்டும் என்று. ஆளின் பெயர், அவர் வகித்த பதவி, அவர் செய்யத் தவறிய வேலை. அந்தத் தீர்ப்பில் இனத்தின் பெயரில் யாருக்கும் தண்டம் எழுதவில்லை. காத்தான்குடியில் தையல் மெஷினுக்கு முன் இருக்கிறவள் எந்தக் கடிதத்தை எப்போது கையில் வாங்கி, வாசிக்காமல் வைத்தாள்?

அப்புறம் எங்கள் பக்கத்துக் கணக்கு. 1990 ஓகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர், சிறுவர்களும் அதில். சுவரில் குண்டுத் துளைகளை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அதே மாதம் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவன் செய்ததற்கு அவன் ஊரைக் கொல்வது, அந்த ஊருக்காக இன்னொரு ஊரைக் கொல்வது. அந்த வருடம் மட்டக்களப்பு, அம்பாறையில் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களுக்குள் காட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

என்னோடு படிப்பித்த முஸ்லிம் ஆசிரியை ஒருவரின் தகப்பனும் தம்பியும் அன்று காத்தான்குடிப் பள்ளிவாசலில் செத்துப்போனார்கள். மாதங்கள் கழித்து அவர் பாடசாலைக்கு வந்தார். ஆசிரியர் அறையில் நாங்கள் ஏழெட்டுத் தமிழ்ப் பெண்கள். ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர் எங்களில் ஒருவரிடமும் ‘உங்கட ஆக்கள் ஏன்’ என்று கேட்கவில்லை. வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஏழாம் வகுப்புக்கு எந்தப் பாடத்தில நிக்கிறீங்க?" என்று என்னிடம் கேட்டார். அந்தப் பெண் அன்று எங்களுக்குத் தந்ததை, 2019இல் என்னால் ஒரு தையல்காரிக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பிள்ளை இப்போதும் வருகிறாள். பழையபடி அபாயாதான். போன மாதம் பேத்தியின் சாமத்தியச் சடங்குக்கு ஆறு சட்டை தைத்துத் தந்தாள். படலைக்கு வந்ததும் அவளின் கை இன்னமும் தன்பாட்டில் சிப்புக்குத்தான் போகிறது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் எடுத்துவிடுகிறாள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு நீளமானது, ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் அதை வாசித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதைத் தமிழில், சட்டத்தமிழாக இல்லாமல் சனம் வாசிக்கிற தமிழில், கிழமைக்கு ஒரு பகுதியாக உங்கள் பத்திரிகையில் போடுங்கள். எந்தத் திகதியில் எந்தக் கடிதம் யார் மேசைக்கு வந்தது என்பதும், காத்தான்குடியிலிருந்து போன முறைப்பாடுகளுக்கு என்ன நடந்தது என்பதும் சேர்ந்து வரட்டும். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம். உங்கள் வாசகர் கடிதத்தை எழுதியவரும் விருப்பமென்றால் வரட்டும், சேர்ந்து வாசிப்போம். எங்கள் விறாந்தையில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.